பொன்னாடையும் ஸனதும்

மரபுக் கலைஞர்களைக் கௌரவிப்பதன் வாயிலாக மண்ணின் பண்பாட்டைக் காக்க வேண்டும் என்பது இன்று அரசும் அமைப்புகளும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டுள்ள கருத்தாகும். திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் நடைபெறும் கலை விழாக்களில் கரகாட்டக் கலைஞரும் நையாண்டி மேளக் குழுவினரும் பறை இசைப்போரும் மேடைக்கு அழைக்கப்பெற்று, பொன்னாடையும் சான்றிதழும் பொற்கிழியும் பெற்றுச் செல்கின்றனர். இதனை யாரும் குறை கூற இயலாது. பல்லாண்டுகள் தெருவிலும் திடலிலும் உழைத்தவருக்கு ஒரு நாளேனும் அவையில் முதன்மை கிடைப்பது நன்றே. ஆயினும், கலைஞர் மகிழ்ந்தார் என்பதும் கலை பிழைத்தது என்பதும் வெவ்வேறு செய்திகள். முன்னது நிகழ்ந்தவுடன் பின்னதும் நிகழ்ந்துவிட்டதாகக் கருதிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அவ்வழக்கத்தையே இங்கு மதிப்பிட விழைகின்றோம்.

அறபு இலக்கியம் பயில்வோர் நன்கறிந்த சான்று ஒன்றிலிருந்து தொடங்கலாம். ஹிஜ்ரி 356இல் (கி.பி. 967) மறைந்த அபுல் ஃபரஜ் அல் இஸ்ஃபஹானி தொகுத்த 'கிதாபுல் அகானீ' அறபுப் பாடகர்களுக்கு எழுப்பப்பெற்ற மாபெரும் நினைவகம் எனலாம். கலீஃபா ஹாரூன் அர்ரஷீதுக்காகத் தெரிவு செய்யப்பெற்ற நூறு பாடல்களில் தொடங்கும் அந்நூல், அச்சில் இருபதுக்கும் மேற்பட்ட பாகங்களாக விரிகின்றது. பாடலை இயற்றியவர் யார், இசையமைத்தவர் யார், தாளம் யாது, யாழின் எந்த நரம்பில் எந்த விரல் நின்றது என்பன வரை அதில் குறிக்கப்பெற்றுள்ளன. ஓர் அறிஞர் கலைஞர்களுக்குச் செய்யக்கூடிய கௌரவம் இதனினும் மேலானது இருத்தல் அரிது. ஆனால் அப்பாடல்களின் இசையை அன்று ஒலித்தவாறே இன்று ஒலிக்கச் செய்ய எவராலும் இயலவில்லை. பெயர்கள் எஞ்சின, கதைகள் எஞ்சின, கவிதைகள் எஞ்சின. கேட்டுப் பாடிய மாணவர் தொடர் அறுபட்டதால் இசை மட்டும் மறைந்தது.

இதனோடு கிராஅத் கலையை ஒப்பிட்டு நோக்குக. எழுத்து வடிவில் முஸ்ஹஃபு கையிலிருந்தும், ஆசிரியரின் வாயைப் பார்த்து ஓதிக் காட்டி இஜாஸா பெறாதவரைக் காரீ என்று நம் முன்னோர் ஏற்றதில்லை. யாரிடம் ஓதினீர், அவர் யாரிடம் ஓதினார் என்னும் வினாவுக்கு விடையாக அமையும் அத்தொடரே ஸனது. பதினான்கு நூற்றாண்டுகள் கடந்தும் ஓர் ஒலியும் பிசகாமல் நம்மை வந்தடைந்ததற்கு அதுவே காரணம். வாயிலும் விரலிலும் வாழும் எந்தக் கலைக்கும் இவ்வளவுகோல் பொருந்தும் என்பதே நம் துணிபு.

இவ்வளவுகோலுக்கு நம் ஊரிலேயே தக்கதோர் எடுத்துக்காட்டு உண்டு. நாகசுர மேதை ஷேக் சின்ன மௌலானா 1924இல் இன்றைய ஆந்திர மாநிலப் பிரகாசம் மாவட்டத்தைச் சேர்ந்த கரவதி என்னும் ஊரில், தலைமுறை தலைமுறையாக நாகசுரம் இசைத்து வந்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். குடும்பத்தாரிடமும் ஆந்திர ஆசான்களிடமும் கற்றுத் தேர்ந்த பின்னரும், தஞ்சை பாணியை முறையாகப் பெற வேண்டி நாச்சியார்கோயில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் மாணவராக அமர்ந்தார். பின்னர் ஸ்ரீரங்கத்திலேயே குடியேறினார். 1977இல் பத்மஸ்ரீ விருதும் 1998இல் சங்கீத கலாநிதி விருதும் அவரைத் தேடி வந்தன. 1999இல் அவர் மறைந்தார்.

அவரைப் பற்றிப் பேசுவோரும் எழுதுவோரும் பெரும்பாலும் ஒன்றையே திரும்பத் திரும்பக் கூறுவர்: இஸ்லாமியராகப் பிறந்து அரங்கன் சந்நிதியில் வாசித்தவர், மத நல்லிணக்கத்தின் சின்னம் என்பர். அது பொய்யன்று. எனினும் அப்புகழுரை ஒரு கலைஞரைச் சின்னமாக்கிவிட்டு, அவர் என்ன கற்றார், எவ்வாறு கற்றார், யாருக்குக் கற்பித்தார் என்னும் வினாக்களை மூடிவிடுகின்றது. பெயர் பெற்ற பின்னரும் மற்றொரு பாணியைக் கற்கத் தரையில் அமர்ந்த அவரது பணிவும், 1982இல் ஸ்ரீரங்கத்தில் சாரதா நாகசுர சங்கீத ஆசிரமத்தை நிறுவிய அவரது தொலைநோக்கும் நல்லிணக்க உரைகளில் இடம்பெறுவது அரிது. அவர் பெயரை இன்று ஒலிக்கச் செய்வதோ அவ்விரண்டுமே ஆகும். அவருடைய பேரர்கள் காசிம், பாபு ஆகியோர் அவ்வழியில் வாசிக்கின்றனர். அவரிடம் பயின்ற ஷேக் மகபூப் சுபானி, காலீஷாபி மகபூப் தம்பதியினருக்கு 2020ஆம் ஆண்டிற்கான பத்மஸ்ரீ அறிவிக்கப்பெற்றது. ஆசிரியரின் விருது மாணவரை உருவாக்கவில்லை. ஆசிரியரின் பள்ளியே மாணவரை உருவாக்கி, விருதையும் அவர்களிடம் கொண்டு சேர்த்தது.

இனி அரசின் விருதுகளை நோக்குவோம். தமிழ்நாட்டில் மாவட்டக் கலை மன்றங்கள் வழங்கும் விருதுகள் கலை இளமணி, கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி என ஐந்தாக வகுக்கப்பெற்றுள்ளன. வகுப்பின் அடிப்படை கலைஞரின் வயது. இளையோரையும் ஒதுக்காத இம்முறை போற்றத்தக்கது. ஆயினும், எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தீர் என்று கேட்கும் இவ்வமைப்பு, எத்தனை பேருக்குக் கற்பித்தீர் என்றும் கேட்குமாயின் அதன் பயன் பன்மடங்காகும். 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென நல வாரியம் அமைந்தது கலைஞரின் வாழ்க்கைக்கு ஒரு துணை. அதன் தேவையை மறுப்பாரில்லை. கலையின் வாழ்வுக்கு வேண்டிய துணை வேறு. 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பெற்ற பறையிசைக் கலைஞர் வேலு ஆசான், தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தன் ஆகிய இருவரும் பிறருக்குக் கற்பித்து வருபவர்கள் என்பது இங்கு எண்ணத்தக்கது.

ஜப்பானியர் இதில் நமக்கு முன்னோடிகள். 1950இல் இயற்றப்பெற்ற பண்பாட்டுச் சொத்துக்கள் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையில், 1955 முதல் அங்குத் தேர்ந்த கலைஞர்கள் அறிவிக்கப்பெறுகின்றனர். 'வாழும் தேசியச் செல்வங்கள்' என மக்கள் அவர்களை வழங்குவர். அவர்களுக்கு அரசு ஆண்டுதோறும் 20 இலட்சம் யென் அளிக்கின்றது. அது கடந்த காலத்திற்கான பரிசில் அன்று. கலையை மேலும் செம்மையாக்கி அடுத்த தலைமுறைக்குக் கற்பிப்பதற்கான பொருள். 2003இல் யுனெஸ்கோ நிறைவேற்றியதும் 2005இல் இந்தியா ஏற்றதுமான உடன்படிக்கையும், பண்பாட்டு மரபுகளின் பாதுகாப்பு என்பதில் அவற்றை வழிவழியாகக் கையளித்தலையும் சேர்த்தே கூறுகின்றது.

பிறரை நோக்கிக் கூறிய இவற்றை நம்மை நோக்கியும் கூறுதல் கடமையாகும். திருச்சிராப்பள்ளி நத்ஹர்வலி (ரஹ்) தர்காவிலும் நாகூரிலும் தாயிரா ஏந்திப் பாடிவந்த பக்கீர்மார்கள் தமிழ் முஸ்லிம்களின் நாட்டுப்புறக் கலைஞர்கள் ஆவர். கிஸ்ஸாவும் முனாஜாத்தும் மஸ்அலாவும் எழுதப் படிக்கத் தெரியாத எளிய மக்களைச் சென்றடைந்தது அவர்களுடைய குரலால்தான். நோன்பு மாதத்தில் ஸஹர் நேரத்தில் தெருத்தெருவாகப் பாடி எழுப்பியவர்களும் அவர்களே. ஒலிபெருக்கியும் கைப்பேசியும் அப்பணியை எடுத்துக்கொண்டன. நூல்கள் அச்சில் கிடைக்கின்றன. அவற்றைப் பாடும் மெட்டுக்கள் அச்சில் இல்லை. அகானீயின் கதி நம் கண்முன்னே மீண்டும் நிகழ்ந்துகொண்டிருக்கின்றது. அங்கேனும் ஒரு தொகுப்பாளர் இருந்தார்.

இங்கு இரு மறுப்புகள் எழக்கூடும். இசைக் கருவிகள் குறித்தும் தர்கா வழக்கங்கள் குறித்தும் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டே என்பது முதலாவது. உண்மை, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா'வில் ஸமாவுக்கெனத் தனிப்பகுதியே ஒதுக்கி இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார்கள். அவ்வாய்வுக்கு இக்கட்டுரை களமன்று. கருவியை ஏற்காதவரும் பாடலின் தமிழை, அதன் வரலாற்றை, பாடும் முறையைப் பதிவு செய்வதில் தடையேதும் காண மாட்டார். இரண்டாவது மறுப்பு கனமானது: கையேந்தி வாழ்ந்தவரின் மகனை மீண்டும் தாயிரா ஏந்தச் சொல்வது நீதியா? ஒருபோதும் இல்லை. அப்பிள்ளை படித்து வேறு தொழில் காண்பதே சிறப்பு. பண்பாட்டைக் காப்பதற்காக ஒரு குடும்பம் வறுமையில் நிற்க வேண்டும் என எதிர்பார்க்க நமக்கு உரிமையில்லை.

இம்மறுப்புக்கு விடையும் ஸனதிலேயே உளது. ஸனது இரத்த வழியில் செல்வதன்று. கற்றல் வழியில் செல்வது. ஹதீஸ் கலையின் மாபெரும் அறிஞரான இமாம் புகாரீ (ரஹ்) அறபுக் குலத்தவர் அல்லர். நாச்சியார்கோயில் சகோதரர்களின் வழி, ஆந்திரத்திலிருந்து வந்த முஸ்லிம் மாணவரிடம் தொடர்ந்தது. எனவே பக்கீரின் கலையை அவர் மகன்தான் ஏற்க வேண்டும் என்பதில்லை. விருப்பமுள்ள எந்த மாணவரும் ஏற்கலாம். கற்பிப்பவருக்கு ஆசிரியர் என்னும் தகுதியும் மாத ஊதியமும் அளித்தால், கலைக்கும் இழுக்கில்லை, கலைஞருக்கும் இழுக்கில்லை.

செய்ய வேண்டுவன நம் கைக்கு எட்டியவையே. நகரின் ஜமாஅத்துகளும் தர்கா நிர்வாகங்களும் விழாவில் போர்த்தும் பொன்னாடைக்கு மாறாக, எஞ்சியுள்ள முதிய பாடகர் ஒருவருக்கு ஓராண்டு ஊதியம் அளித்து, நான்கு மாணவர்களை அவரிடம் அமர்த்தலாம். 1951இல் தொடங்கப்பெற்ற ஜமால் முஹம்மது கல்லூரி போன்ற நிறுவனங்களின் தமிழ், அறபுத் துறைகள் பாடல்களை ஒலிப்பதிவு செய்து, பாடியவர் யார், யாரிடம் கற்றார் என்பதையும் உடன் குறிக்கலாம். ஓராண்டின் நிறைவில் மேடை அமைக்கலாம். அம்மேடையில் முதியவர் அமர்ந்திருக்க, மாணவர் பாடட்டும். பாடி முடித்த மாணவருக்கு ஆசிரியரே சான்றளிக்கட்டும். அந்நாளில் போர்த்தப்பெறும் பொன்னாடையே கௌரவம் என்னும் பெயருக்குத் தகுதியுடையதாகும்.