வென்றவனுக்குக் கூச்சல், தோற்றவனுக்குக் கைதட்டல்

1997 மார்ச் 23 அன்று சிகாகோவை ஒட்டிய ரோஸ்மாண்ட் நகரில், தொழில்முறை மல்யுத்த விழாவான ரெஸில்மேனியா 13-இல், பிரெட் ஹார்ட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும் 22 நிமிடங்கள் மோதினார்கள். ரெஸில்மேனியா கண்ட ஆகச் சிறந்த மேட்ச் அதுதான் என்பது என் தீர்ப்பு. சொல்வது எளிது, நிறுவுவது கடினம். ஏனென்றால் எதிரே நிற்பவை லேசான மேட்சுகள் அல்ல. 1987-இல் ரேண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் மோதியது ஒன்று. 2009-இல் ஷான் மைக்கேல்ஸும் அண்டர்டேக்கரும் மோதியது இன்னொன்று. ரசிகர்களைக் கேட்டால் பாதிப் பேர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லாமல் என் தேர்வை நிலைநாட்ட முடியாது.

முதலில் அளவுகோல். முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டது என்பதால் இதில் திறனாய்வுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. முடிவு தீர்மானிக்கப்பட்டது என்பதால்தான் திறனாய்வுக்கே இடம் வருகிறது. யார் வெல்வார் என்பது ரிங்குக்குள் இருக்கும் இருவருக்கும் தெரியும். அந்த முடிவை எப்படிச் சம்பாதிக்கிறார்கள், பார்ப்பவரை எங்கிருந்து எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள் என்பதுதான் கலை.

நம்மில் பலர் இந்த மல்லர்களை முதலில் எடைபோட்டது ட்ரம்ப் கார்டில். உயரம், எடை, மார்பளவு, ரேங்க் என்று எண்களை வைத்து ஆளை அளந்தோம். வளர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. எத்தனை நட்சத்திரம், எத்தனை நிமிடம், எத்தனை கிக்-அவுட் என்று கேட்கிறோம். அமெரிக்க விமர்சகர் டேவ் மெல்ட்சர் பல பத்தாண்டுகளாக மேட்சுகளுக்கு நட்சத்திரம் போட்டுவருகிறார். ஐந்துதான் உச்சம் என்று ரசிகர்கள் நம்பியிருந்த அளவுகோலில், ஜப்பானில் கென்னி ஒமேகாவும் கசுச்சிகா ஒக்காடாவும் 2017 ஜனவரி 4 அன்று ஆடிய மேட்சுக்கு ஆறு கொடுத்தார். 2018 ஜூனில் அவர்கள் ஒரு மணி நேரத்தையும் தாண்டி ஆடியபோது ஏழு. அந்த மேட்சுகளின் உடல் திறனை நான் வியக்கிறேன். ஆனால் உச்சவரம்பே நகரும் அளவுகோலை வைத்துக்கொண்டு முப்பது ஆண்டுக்கால மேட்சுகளை ஒப்பிட முடியாது. நான் கேட்கும் கேள்வி வேறு. மணி அடித்தபோது கூட்டத்தின் மனம் எங்கே இருந்தது, முடிந்தபோது எங்கே இருந்தது, அந்தத் தூரத்தைக் கடக்க வைத்தது ரிங்குக்குள் நடந்த சண்டையா, வெளியிலிருந்து வந்த வேறு ஏதாவதா?

இந்தக் கேள்வியோடு சாவேஜ்–ஸ்டீம்போட் மேட்சைப் பார்க்கலாம். 1987 மார்ச் 29, மிச்சிகனின் பான்டியாக் சில்வர்டோம். அன்றைய முக்கிய மேட்ச் ஹல்க் ஹோகனும் ஆந்த்ரே த ஜயன்ட்டும் மோதியது. ஆனால் மல்யுத்தம் தெரிந்தவர்கள் இன்றும் பேசுவது அதற்கு முன் நடந்த இந்தப் பதினான்கரை நிமிடத்தைத்தான். சாவேஜ் ஒவ்வொரு அடியையும் முன்கூட்டியே எழுதி வைத்து, ஸ்டீம்போட்டோடு திரும்பத் திரும்ப ஒப்பித்துப் பார்த்தவர். ரிங்கிலேயே யோசித்து ஆடுவது வழக்கமாக இருந்த காலத்தில் அது புதுமை. அந்த உழைப்பு மேட்சின் ஒவ்வொரு நொடியிலும் தெரிகிறது. வீண் அசைவு ஒன்றுகூட இல்லை. முந்தைய ஆண்டு சாவேஜ் ரிங் மணியால் ஸ்டீம்போட்டின் தொண்டையை நசுக்கியதுதான் பகைக்குக் காரணம். அதே மணியைக் கையில் எடுத்துக்கொண்டு டாப் ரோப்பில் ஏறும்போதுதான் சாவேஜ் வீழ்கிறார். கதைக்கட்டில் எனக்குக் குறையே தெரியவில்லை.

குறை முடிவில் இருக்கிறது. சாவேஜை மேலிருந்து தள்ளிவிடுவது ஸ்டீம்போட் அல்ல, ஸ்டீம்போட்டின் பக்கம் ரிங்குக்கு வெளியே நின்ற ஜார்ஜ் ஸ்டீல். அதற்குப் பிறகுதான் ஸ்டீம்போட் அவரைச் சுருட்டி, தோள்களைத் தரையில் அழுத்திப் பின் செய்கிறார். வெற்றியின் கடைசிப் படியை மூன்றாவது ஆள் கட்டிக்கொடுத்துவிட்டார். இன்னொன்றும் உண்டு. மேட்ச் தொடங்கும்போது ஸ்டீம்போட் நல்லவர், சாவேஜ் கெட்டவர். முடியும்போதும் அப்படியேதான். கூட்டம் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போயிருக்கும், ஆனால் அதன் மனம் இருந்த இடத்திலேயே இருந்தது. நேர்த்தியான மேட்ச்தான். அதைவிடப் பெரிய ஒன்றை ரோஸ்மாண்டில் பார்க்கிறோம்.

1996 மார்ச்சில் ஷான் மைக்கேல்ஸிடம் பட்டத்தை இழந்து பிரெட் சில மாதங்கள் ஒதுங்கினார். அந்த இடைவெளியில் வளர்ந்தவர் ஆஸ்டின். ஆள் இல்லாத நேரத்தில் வாரம் தவறாமல் பிரெட்டைச் சீண்டினார். நவம்பரில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் இருவரும் மோதியபோது பிரெட் வென்றார், ஆனால் மயிரிழையில். 1997 ஜனவரியில், கயிற்றுக்கு மேலே வெளியே வீசப்பட்டவர் ஆட்டமிழக்கும் ராயல் ரம்பிளில், பிரெட் ஆஸ்டினை வெளியே வீசினார். நடுவர்கள் யாரும் பார்க்கவில்லை. ஆஸ்டின் திரும்ப உள்ளே வந்து வென்றுவிட்டார். பிப்ரவரியில் பட்டத்தைப் பிடித்த பிரெட், மறுநாளே அதை இழந்தார். மார்ச் 17 அன்று இன்னொரு தோல்வி. அன்று பேட்டி எடுக்க வந்த வின்ஸ் மக்மானைக் கீழே தள்ளி, வாய்க்கு வந்தபடி ஏசினார். நேர்மைக்குப் பெயர்போன மனிதர், தனக்கு அநீதி நடக்கிறது என்ற நினைப்பிலேயே மெல்லப் புளித்துக்கொண்டிருந்தார். அவர் சொன்ன குறைகளில் பெரும்பாலானவை உண்மை என்பதுதான் இந்தக் கதையின் அழகு.

மேட்சின் விதி: பின் கிடையாது, எதிராளி தோல்வியை ஒப்புக்கொண்டால்தான் முடிவு. நடுவர் யூ.எஃப்.சி.யிலிருந்து வந்த கென் ஷாம்ராக். இந்த விதி பிரெட்டுக்குச் சாதகம். ஷார்ப்ஷூட்டர் அவருடைய பிடி. ஆஸ்டினின் ஆயுதம் ஸ்டன்னர். ஆளைச் சாய்க்கலாம், ஆனால் அதனால் யாரையும் தோல்வியை ஒப்புக்கொள்ள வைக்க முடியாது. கெட்டவனாக வந்தவனுக்கு எதிராகவே விதி அமைந்திருக்கிறது. பார்வையாளர் அதை வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் உள்ளுக்குள் கணக்குப் போட்டுவிடுகிறார்.

பிறகு பிரெட் ஆஸ்டினின் காலைப் பிடித்துக்கொள்கிறார். முழங்காலை மிதிக்கிறார், முறுக்குகிறார், ரிங் கம்பத்தைச் சுற்றி ஃபிகர்-ஃபோர் பிடி போடுகிறார். இதுவரை தொழில். அடுத்து நாற்காலியை எடுத்துவருகிறார். ஆஸ்டினின் கணுக்காலை அதற்குள் நுழைத்துவிட்டு மேலிருந்து குதிக்க ஏறுகிறார். எலும்பை உடைக்கும் உத்தேசம் அது. நல்லவன் செய்யும் காரியமா? அந்த நொடியில் ஆஸ்டின் எழுந்து அதே நாற்காலியால் பிரெட்டை அடிக்கிறார், கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. ஒரு சொல் பேசப்படவில்லை. மைக் இல்லை, துரோகம் இல்லை, கூட்டாளி ஓடிவரவில்லை. யார் யாரை எப்படி அடிக்கிறார்கள் என்பதை மட்டும் வைத்து ஆயிரக்கணக்கானோரின் சார்பு கைமாறுகிறது.

ஆஸ்டினின் நெற்றி கிழிந்து ரத்தம் வழியத் தொடங்கியபின் பிரெட் அந்தக் காயத்தையே குத்துகிறார். ஆஸ்டின் ஒரு கேபிளால் அவர் கழுத்தை நெரிக்க, பிரெட் ரிங் மணியை எடுத்து ஆஸ்டினின் தலையில் அடிக்கிறார். பிறகு ஷார்ப்ஷூட்டர். ஆஸ்டின் கைகளை ஊன்றி எழும்புகிறார், பிடி ஏறக்குறைய தளர்கிறது, பிரெட் மறுபடி இறுக்குகிறார். முகம் முழுக்க ரத்தம், பல் தெரிய ஓர் அலறல். 'போதும்' என்ற சொல் மட்டும் வரவில்லை. மயங்கிவிடுகிறார். ஷாம்ராக் மேட்சை நிறுத்துகிறார். தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற விதி, ஒப்புக்கொள்ளாமலே தோற்பது என்ற மூன்றாவது வழியைத் திறந்துவிட்டது. விதி, சண்டை, முடிவு மூன்றும் ஒரே கோட்டில் வருகின்றன. வேறெந்த ரெஸில்மேனியா மேட்சிலும் இந்த ஒழுங்கை நான் பார்த்ததில்லை.

நம் ஊரில் கர்ண மோட்சம் கூத்து பார்த்தவர்களுக்கு இந்த உணர்வு புதிதல்ல. கர்ணன் நிற்பது கௌரவர் பக்கம். அவன் சாகப்போவது விடிய விடிய உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவன் விழும்போது சபை வென்றவனைக் கொண்டாடுவதில்லை. ஆனால் கர்ணனுக்குப் பிறப்புக் கதை இருக்கிறது, கொடை இருக்கிறது, நம்மை இளக வைக்கப் பாட்டு இருக்கிறது. ஆஸ்டினுக்கு அப்படி எந்த முன்கதையும் இல்லை. அவர் அதுவரை செய்ததெல்லாம் அடாவடி. விழும் விதம் ஒன்றாலேயே அவர் அந்த இடத்தைப் பெற்றார்.

முடிவுக்குப் பின் பிரெட் நிறுத்தவில்லை. மயங்கிக் கிடந்தவரின் காலை மறுபடியும் தாக்கினார். ஷாம்ராக் இழுத்து வீசியபிறகு, வென்றவர் கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே வெளியேறினார். ஆஸ்டின், தூக்கிவிட வந்த இன்னொரு நடுவருக்கு ஒரு ஸ்டன்னர் கொடுத்துவிட்டு, தானே எழுந்து நொண்டி நொண்டி நடந்தார். அரங்கம் முழுக்க அவர் பெயர். அந்த நேரத்திலும் அவர் திருந்தவில்லை, நன்றி சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கூட்டம் அவரை அவராகவே ஏற்றுக்கொண்டது.

குறைகளைச் சொல்லியாக வேண்டும். தொடக்க நிமிடங்கள் பார்வையாளர் நடுவே, படிக்கட்டில் போகின்றன. கேமரா திணறுகிறது. விறுவிறுப்பு உண்டு, ஆனால் பின்னால் வரும் கட்டுக்கோப்பு அங்கே இல்லை. ஷாம்ராக்கும் பிரெட்டும் முறைத்துக்கொள்ளும் சில நொடிகள் வேறொரு மேட்சுக்கான விளம்பரம். ரத்தம் குறித்துக் கனமான ஆட்சேபம் இருக்கிறது. ரெஸில்மேனியாவை நடத்தும் நிறுவனம் அன்று ரத்தத்துக்கு அனுமதி தந்ததில்லை. அது தன் யோசனைதான், வெட்டியதும் தான்தான் என்று பிரெட்டே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒருவர் உடலை மெய்யாகவே கிழித்துப் பெறும் விளைவைக் கலை என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. ரத்தம் இல்லாவிட்டாலும் மேட்ச் நின்றிருக்குமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். காலை உடைக்க முயன்றதும், மயங்கியவனை அடித்ததும் மட்டுமே சார்பைத் திருப்பப் போதும். ரத்தம் அதைக் கூட்டியது, உண்டாக்கவில்லை.

மாற்றம் அன்றிரவே முழுதாக நிகழவில்லை என்பதும் உண்மை. ஆஸ்டினுக்கு ஏற்கெனவே ஆதரவு பெருகிக்கொண்டிருந்தது, பிரெட் மீது சலிப்பு தட்டத் தொடங்கியிருந்தது. மறுநாள் 'ரா' நிகழ்ச்சியில் பிரெட் அமெரிக்க ரசிகர்களைத் திட்டித் தீர்த்தபோதுதான் அது முறைப்படி உறுதியானது. இதை நான் மேட்சுக்கு எதிரான சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. தயங்கி நின்ற கூட்டத்தை முடிவெடுக்க வைத்தது அந்த 22 நிமிடங்கள்தான்.

இப்போது 2009 ஏப்ரல் 5, ஹூஸ்டன். அண்டர்டேக்கர் ரெஸில்மேனியாவில் 16 முறை வென்று ஒருமுறையும் தோற்காதவர். எதிரே வெள்ளை உடையில் மைக்கேல்ஸ். இருவரும் நாற்பதைத் தாண்டியவர்கள், அரை மணி நேரம் ஆடினார்கள். கயிற்றுக்கு மேலே பாய்ந்த அண்டர்டேக்கர் தலைகீழாகத் தரையில் விழுந்ததைப் பார்த்தபோது மூச்சு நின்றது. எதிராளியை முடிக்கும் டூம்ஸ்டோன் அடியிலிருந்தும் மைக்கேல்ஸ் தோளைத் தூக்கியதும் அண்டர்டேக்கரின் முகத்தில் தெரிந்த திகைப்பு, ஒரு மல்லர் முகத்தால் செய்யக்கூடிய நடிப்பின் உச்சம். இன்பத்தை மட்டும் அளந்தால் இந்த மேட்சே முதலில் வரும். ஆனால் அதன் எஞ்சின் ஒன்றுதான்: பெரிய அடி, அதிலிருந்து மீட்சி, மறுபடி பெரிய அடி. மேட்ச் முடிந்தபின் இருவரும் முன்பிருந்த அதே மனிதர்கள். அவர்களைப் பற்றிய நம் எண்ணமும் அதே. ஒருவரின் ஃபினிஷரிலிருந்து, அதாவது ஆட்டத்தை முடிக்கும் அடியிலிருந்து, இன்னொருவர் மீள்வதே நாடகம் என்று பின்வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள், இன்று ஃபினிஷர் எதையும் முடிப்பதில்லை. அதற்கு மைக்கேல்ஸைக் குறை சொல்ல முடியாது. எனினும் அந்த வழி எத்தனை சீக்கிரம் தேயக்கூடியது என்பதை அது காட்டிவிட்டது.

இன்னொரு கணக்கும் தீர்க்கப்பட வேண்டும். ரோஸ்மாண்டை 'ஆஸ்டின் மேட்ச்' என்றே உலகம் சொல்கிறது. அவர்தான் 1998-இல் பட்டம் வென்று ஒரு யுகத்தின் முகமானார். நான் பிரெட்டுக்குத்தான் கூடுதல் பங்கு கொடுப்பேன். எந்தக் கட்டத்தில் நாற்காலியை எடுப்பது, வென்றபின் எத்தனை நொடி கழித்து மறுபடி காலைத் தாக்குவது என்ற நேரக் கணிப்பு முழுவதும் அவருடையது. அதிகம் தாக்கியிருந்தால் கேலிக்கூத்தாகியிருக்கும், குறைவாகத் தாக்கியிருந்தால் கூட்டம் இரண்டு பக்கமும் கைதட்டிவிட்டுப் போயிருக்கும். பல ஆண்டுகளாகச் சேர்த்த நல்ல பெயரை ஒரே இரவில் செலவழித்து எதிராளியை உயர்த்தினார். அந்த மேட்சில் வென்றவர் அவர், அடுத்து வந்த காலம் முழுவதும் ஆஸ்டினுடையது. 1997 நவம்பரில் மான்ட்ரியாலில் அவர் ஏமாற்றப்பட்டு நிறுவனத்தை விட்டு வெளியேறிய கதை தெரிந்தவர்களுக்கு இந்தக் கொடையின் அளவு இன்னும் நன்றாகப் புரியும்.

ஆகவே என் வரிசை: முதலில் ஹார்ட்–ஆஸ்டின், அடுத்து சாவேஜ்–ஸ்டீம்போட், மூன்றாவதாக மைக்கேல்ஸ்–அண்டர்டேக்கர். மூன்றாவதை இரண்டாவதுக்கு மேலே வைப்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். முதலிடத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த ரத்த முகத்தின் படத்தை மட்டும் பார்த்தவர்கள், 1996 நவம்பர் மேட்சில் தொடங்கி மார்ச் 24-ஆம் தேதி 'ரா' வரை வரிசையாகப் பாருங்கள். பார்த்துவிட்டு மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.