ஒரே லைனில் இருவர்

ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ (1953) கைத்தறி நெசவாளர்களைப் பற்றியது, டி. செல்வராஜின் ‘தோல்’ (2010) திண்டுக்கல்லில் தோல் பதனிடுபவர்களைப் பற்றியது. இரண்டிலும் கோடு தெளிவு: இந்தப் பக்கம் உழைப்பவன், அந்தப் பக்கம் சுரண்டுபவன்.

ஒரகடத்தில் கோடு வேறிடத்தில் விழுகிறது. ஒரே லைனில், ஒரே போல்ட்டை முடுக்கும் இருவரில் ஒருவன் பெர்மனென்ட், மற்றவன் காண்ட்ராக்ட். வேலை ஒன்று, சம்பளம் வேறு. ஆர்டர் குறைந்தால் முதலில் வெளியேறுபவன் இவன். இவன் இருப்பதாலேயே அவன் தங்குகிறான். இருவருக்கும் இது தெரியும், பேசிக்கொள்வதில்லை.

1970-ஆம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் போய், 2025 நவம்பரில் புதிய சட்டத் தொகுப்பு அமலாகியிருக்கிறது. ‘மைய வேலை’யில் காண்ட்ராக்ட் கூடாது என்கிறது; கூடவே விலக்குகளையும் அடுக்குகிறது. சட்டம் வேலையைத்தான் பிரித்துப் பார்க்கும். அந்த மௌனம் அதற்குப் புலப்படாது. எழுத்துக்குப் புலப்பட வேண்டும்.

நம் முற்போக்குக் கதைகள் ‘தோழர்’ என்ற ஒரே சொல்லால் இருவரையும் மூடிவிடுகின்றன. வங்கிக் குமாஸ்தாவான எனக்கும், எழுதும் நம்மில் பலருக்கும் வேலை பெர்மனென்ட். அதனால்தானோ என்னவோ, காண்ட்ராக்ட் ஆள் நம் எழுத்தில் இரக்கத்துக்கு உரியவனாக மட்டுமே வருகிறான். அவனைப் பார்க்கிறபோது பெர்மனென்ட் ஆளுக்கு உள்ளே ஒரு நிம்மதி ஏற்படுகிறதே, அதை எழுதிய கதை ஒன்றையும் நான் இன்னும் படிக்கவில்லை.