குறை அடுக்கை ரசிப்பது எப்படி?

பிரிக்பீல்ட்ஸில் டியூஷன் முடிந்து வரும் படிவம் மூன்று மாணவரிடம், நெகட்டிவ் இண்டெக்ஸ், அதாவது குறை அடுக்கு, வந்தால் என்ன செய்வாய் என்று கேளுங்கள். "கீழே இறக்கி, குறியை மாத்தணும்" என்பார். விடையும் சரியாக வந்துவிடும். ஆனால் ஏன் இறக்குகிறோம் என்று தெரியாதவருக்கு, படிவம் மூன்று கணிதத்தின் முதல் அத்தியாயம் வெறும் மனப்பாடமாகவே முடிந்துபோகும். எனக்கு இது பெரிய இழப்பாகத் தெரிகிறது.

ரசிப்பதற்கு முதலில் 8, 4, 2 என்று எழுதுங்கள். இவை 2³, 2², 2¹. அடுக்கில் ஒன்று குறைந்தால் எண் பாதியாகிறது. அதே நடையில் தொடருங்கள். 2⁰ என்பது 1. 2⁻¹ அரை, 2⁻² கால், 2⁻³ அரைக்கால், 2⁻⁴ வீசம். பழந்தமிழ்க் கணக்கு இன்னும் இறங்கி 1/32-ஐ அரைவீசம் என்றும் 1/64-ஐக் கால்வீசம் என்றும் சொன்னது. கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை தமிழில் கணக்குப் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் குறை அடுக்கை மலாய்மொழியில் புதிதாகச் சந்திக்கிறது. வீசத்தையும் 2⁻⁴-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்ட ஒரு நிமிடம் போதும்.

இங்கே யாரும் விதி போடவில்லை என்பதைக் கவனியுங்கள். பாதியாக்கும் ஒழுங்கு முறியக்கூடாது என்றால் 2⁻¹ அரையாக மட்டுமே இருக்க முடியும். எண் எவ்வளவு சிறுத்தாலும் சுழியத்துக்குக் கீழே போவதில்லை. அடுக்கில் இருக்கும் குறைக்குறி எண்ணைக் குறை எண்ணாக்காது.

இனி ஒரு கோவை. எழுத்துகள் க, ச என்று இருக்கட்டும்:

(3க⁻²ச³)⁻² × 9கச⁴

பேனாவை எடுக்காதீர்கள். முதலில் பாருங்கள். வெளியே நிற்கும் −2 உள்ளே ஒவ்வொன்றையும் தொடும். 3 என்பது 1/9 ஆகும். வலப்பக்கம் 9 காத்திருக்கிறது. இரண்டும் அடிபடப்போவது கணக்குப் போடும் முன்பே தெரிந்துவிடுகிறது. க⁻² குறையோடு குறை பெருகி க⁴ ஆகும். பக்கத்துக் க சேர்ந்து க⁵. ச⁻⁶, ச⁴ சேர்ந்து ச⁻². விடை க⁵/ச². எது எதோடு அடிபடும் என்று முன்கூட்டியே காண்பதில்தான் சுருக்குவதன் சுவை இருக்கிறது. ராகம் தெரிந்தவர் அடுத்த ஸ்வரத்தை எதிர்பார்த்துக் கேட்பது போன்றது அது.

கண் ஏமாறும் இடங்களும் உண்டு. 3க⁻² வேறு, (3க)⁻² வேறு. அடுக்கு தன்னை ஒட்டி நிற்பதை மட்டுமே பிடிக்கும். (க+ச)⁻¹ ஒருபோதும் க⁻¹+ச⁻¹ ஆகாது. இரண்டுக்கும் 2 போட்டுப் பாருங்கள்: ஒன்று கால், மற்றது முழு ஒன்று.

எனக்கு மிகவும் பிடித்த கோவை இந்த இரண்டாவதிலிருந்து பிறப்பது: (க⁻¹+ச⁻¹)⁻¹. சுருக்கினால் கச/(க+ச). நீர்த்தடைக்குப் பிறகு தொட்டி நிரப்புவது கிள்ளான் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் பழக்கம். ஒரு குழாய் மூன்று மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று ஆறு மணி நேரத்தில். இரண்டையும் திறந்தால் இதே கோவைப்படி 18/9, அதாவது இரண்டு மணி நேரம். பக்க இணைப்பில் உள்ள இரண்டு மின்தடைகளுக்கும் இதே கோவைதான். கோவை சுருங்கியதும் தொட்டியும் மின்சுற்றும் ஒரே முகம் காட்டுகின்றன.

குறை அடுக்கு தேர்வோடு முடிவதில்லை. நம் இயற்பியல் நூல்கள் வேகத்தின் அலகை 'மீட்டர் வினாடி⁻¹' என்ற வடிவில் எழுதுகின்றன. நெடுஞ்சாலைப் பலகையில் இருக்கும் மணிக்கு 110 கிலோமீட்டர் அந்த அலகில் ஏறக்குறைய 30.6.

இந்த அடுக்கு ஒரே நாளில் வந்ததும் அல்ல. பிரான்ஸில் கணித அறிஞர் நிக்கோலா சுக்கே 1484-லேயே குறை அடுக்குகளைக் கையாண்டார். இங்கிலாந்தின் ஜான் வாலிஸ் 1656-இல் அவற்றை விளக்கினார். நியூட்டன் 1676-இல் கடிதங்களில் தாராளமாகப் பயன்படுத்தினார். நிலைபெற இருநூறு ஆண்டுகள் ஆன ஒன்றை ஒரே வாரத்தில் இருபது கணக்குகளாகப் பிள்ளைகள்மேல் கொட்டுகிறோம்.

பெற்றோரே, இன்றிரவு ஒரே ஒரு கோவையைக் கொடுங்கள். விடை கேட்க வேண்டாம்; எது எதோடு அடிபடும் என்று மட்டும் கேளுங்கள்.