கல்வி ஆய்வுக்கான இணைய வளங்கள்: ஒரே கேள்வியை வைத்து ஒரு மதிப்பீடு

ஆய்வு செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்குப் பயன்படும் இணையதளங்களின் பட்டியல்கள் பல உள்ளன. பட்டியலில் தளத்தின் பெயர் இருக்கும். அங்கே சென்றால் நம் கேள்விக்கு ஏதாவது கிடைக்குமா என்பது இருக்காது. எனவே இக்கட்டுரை, முக்கியமான சில தளங்களை ஒரே கேள்வியைக் கொண்டு மதிப்பிடுகிறது. பி.எட்., எம்.எட். மாணவர்களும், பணியில் இருந்துகொண்டே செயலாய்வு செய்யும் ஆசிரியர்களும் இதனைப் பயன்படுத்தலாம்.

கேள்வி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு. தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, மாநிலத்திலேயே மிகக் குறைவு. பாப்பாரப்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கும் போகிறவர்கள் உண்டு. பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் இருந்து படிப்பார்கள். அப்பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கினால் ஆசிரியர் அறையில் ஒரே பதில்தான்: “வீட்டில் கவனிக்க ஆள் இல்லை.” நானும் பல ஆண்டுகள் அப்படிச் சொல்லியிருக்கிறேன். சரிபார்த்ததில்லை. அந்த வாக்கியம் குறையைப் பிள்ளையின் வீட்டில் வைத்துவிட்டுப் பள்ளியை விடுவித்துவிடுகிறது என்பது ஓய்வு பெற்ற பிறகே எனக்கு உறைத்தது.

ஆகவே கேள்வி இதுதான்: பெற்றோர் வெளியூரில் இருக்க, ஊரில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளின் வாசிப்புத்திறன் மற்றப் பிள்ளைகளிலிருந்து உண்மையில் வேறுபடுகிறதா? வேறுபட்டால் பள்ளி என்ன செய்யலாம்?

எரிக்

அமெரிக்கக் கல்வித்துறையின் எரிக் தரவுத்தளம் 1960களில் தொடங்கப்பட்டது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் கொண்டது. கட்டணம் இல்லை. பதிவு எண் ‘ஈஜே’ என்று தொடங்கினால் இதழ்க் கட்டுரை. ‘ஈடி’ என்று தொடங்கினால் அறிக்கை, ஆய்வேடு போன்றவை. முழுக் கட்டுரையும் கிடைப்பவற்றை மட்டும், அல்லது வல்லுநர் மதிப்பாய்வு பெற்றவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்க முடியும்.

இதன் உண்மையான பலம் அதன் சொற்களஞ்சியம். ஒவ்வொரு பதிவுக்கும் வரையறுக்கப்பட்ட பொருட்சொற்கள் இடப்பட்டிருக்கும். சரியான சொல் தெரிந்தால் கதவு திறக்கும். நம் கேள்விக்கு ‘மைக்ரன்ட் சில்ட்ரன்’ என்று தேடினால் பெரும்பாலும் அமெரிக்காவில் பருவத்துக்குப் பருவம் பண்ணை வேலைக்குச் செல்லும் பெற்றோருடன் சேர்ந்து ஊர் மாறும் பிள்ளைகளைப் பற்றியே வரும். நம் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகவில்லை, பெற்றோர்தான் போனார்கள். இதற்குச் சீன ஆய்வாளர்கள் பரவலாக்கிய சொல் ‘லெஃப்ட் பிஹைண்ட் சில்ட்ரன்’, அதாவது ஊரில் விடப்பட்ட பிள்ளைகள். சீனக் கிராமங்களிலிருந்து பெற்றோர் நகர ஆலைகளுக்குச் சென்றதால் எழுந்த ஆய்வுகள் அவை. அந்தச் சொல்லை இட்டால் நம் ஊர் நிலைமைக்கு நெருங்கிய கட்டுரைகள் வருகின்றன.

குறை: எல்லாம் ஆங்கிலம். தமிழ்வழியில் படித்து வந்த ஆசிரியருக்கு முதல் சொல்லே கிடைக்காது. எந்தச் சொல்லைத் தேடுவது என்பதை எந்தப் பட்டியலும் சொல்லித் தருவதில்லை.

ஷோத்கங்கா

காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளின் களஞ்சியம் இது. ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்பதைப் பல்கலைக்கழக மானியக்குழு 2009 விதிமுறைகளில் சேர்த்தது. தமிழகப் பல்கலைக்கழகங்களின் கல்வியியல் துறை ஆய்வேடுகளும் உள்ளன.

இயல் இயலாகத் தனித்தனிக் கோப்புகளாக வைத்திருப்பதால் தேவையானதை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். என் பரிந்துரை, முதலில் பின்னிணைப்பைப் பார்ப்பது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நடந்த ஆய்வுகள் சிலவற்றின் பின்னிணைப்பில் தமிழில் அமைந்த வினாநிரல் இருக்கும். முன்னனுமதியும் மேற்கோளும் இருந்தால் அதனை அடிப்படையாகக் கொள்ளலாம்.

குறைகள் இரண்டு. தமிழில் எழுதப்பட்ட ஆய்வேடுகள் பலவற்றின் தலைப்பு ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துப் பதிவாகியிருக்கிறது. சில கோப்புகள் வெறும் ஒளிப்படங்கள்; சில பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. இவற்றின் உள்ளே தமிழ்ச்சொல்லைத் தேட முடியாது. இரண்டாவது, பட்டம் பெற்ற ஆய்வு என்பதாலேயே அதன் முடிவு உறுதியாகிவிடாது. ஆண் பெண், நகரம் கிராமம் என்று பிரித்து மனப்பான்மையை அளந்து, வேறுபாடு உண்டு அல்லது இல்லை என்று முடிக்கும் ஆய்வுகள் மிகுதி. ஏன் என்ற கேள்வியை அவை தொடுவதில்லை.

புள்ளிவிவரத் தளங்கள்

யூடைஸ் பிளஸ் தளத்தில் பள்ளி வாரியாக மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர், வகுப்பறை, கழிப்பறை வரை கிடைக்கும். பெற்றோர் எங்கே இருக்கிறார்கள் என்பது கிடைக்காது. 2022-23 முதல் மாணவர் வாரியான பதிவுக்கு மாறியதால் முந்தைய ஆண்டு எண்களோடு நேரடியாக ஒப்பிடுவது பிழை. இதை அறியாமல் “சேர்க்கை சரிந்தது” என்று எழுதுகிறவர்கள் உண்டு.

பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்தும் ஏசர் ஆய்வு, கிராமப்புற வீடுகளுக்கே சென்று பிள்ளைகளைத் தனித்தனியே வாசிக்க வைக்கிறது: எழுத்து, சொல், முதல் வகுப்பு நிலைப் பத்தி, இரண்டாம் வகுப்பு நிலைக் கதை. அரசின் தேசிய அடைவு ஆய்வு 2021 நவம்பர் 12 அன்று 3, 5, 8, 10 ஆம் வகுப்புகளுக்குப் பள்ளியில் நடந்தது. 2024 டிசம்பர் 4 அன்று பரக் என்ற பெயரில் 3, 6, 9 ஆம் வகுப்புகளுக்கு நடந்தது. வீட்டில் அளந்ததும் பள்ளியில் அளந்ததும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே அட்டவணையில் வைத்து எது உண்மை என்று கேட்பது, ஆழாக்கையும் தராசையும் வைத்து எது சரி என்று கேட்பது போன்றது.

நம் கேள்விக்கு இவற்றின் எண்கள் உதவவில்லை; கருவி உதவுகிறது. ஏசர் வாசிப்புக் கருவி தமிழிலும் கிடைக்கிறது. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்கள் போதும்.

தமிழ் நூலகங்கள்

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில், கல்லூரிகளுக்கென ஒரு காலத்தில் தமிழில் வெளிவந்த உளவியல், கல்வியியல் பாடநூல்களைக் காணலாம். நெ. து. சுந்தரவடிவேலு போன்ற கல்வியாளர்களின் நாட்டுடைமை நூல்களும் உண்டு. கலைச்சொற்களை அறிய இவை நல்ல துணை. இன்றைய ஆய்வு நிலையை அறிய அல்ல.

தமிழக ஆசிரியர்கள் அதிகம் எட்டிப் பார்க்காதது இலங்கையின் நூலகம் தளம். 2005இல் தொடங்கிய தன்னார்வ முயற்சி. ஆசிரியர்களுக்கென்றே வெளிவந்த ‘அகவிழி’, ‘ஆசிரியம்’ ஆகிய இதழ்கள் அங்கே உள்ளன. கல்வியியலைத் தமிழிலேயே சிந்தித்து எழுதிய கட்டுரைகள் அவை. ஆனால் இங்கும் சொல் தடுக்கும். ‘இடப்பெயர்வு’ என்றால் அங்கே பெரும்பாலும் போரினால் ஊர்விட்டு ஓடியது. ‘புலம்பெயர்ந்தோர்’ என்றால் வெளிநாட்டில் குடியேறியவர்கள். எங்கள் ஊரில் சொல்வது ‘பிழைக்கப் போயிருக்காங்க’ என்று. அந்தச் சொல் எந்தத் தரவுத்தளத்திலும் பொருட்சொல்லாக இல்லை.

எச்சரிக்கை

கூகுள் ஸ்காலர் விரைவாகக் காட்டும், தரம் பிரிக்காது. பணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் இதழ்களும் அதில் வரும். மானியக்குழு 2019இல் கொண்டுவந்த கேர் இதழ்ப் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டுவிட்டது. எனவே இதழை எடைபோடும் பொறுப்பு இப்போது வாசிப்பவர் மீதே விழுகிறது. மதிப்பாய்வு எப்படி நடக்கிறது, ஆசிரியர் குழுவில் யார் என்பதைப் பாருங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இல்லாத கட்டுரைக்கும் தலைப்பும் ஆண்டும் தரும். கண்ணால் பார்க்காத கட்டுரையை மேற்கோள் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

உண்மையான குறை எது?

வளங்கள் இல்லை என்பதல்ல குறை. தமிழில் கேள்வி கேட்கும் ஆசிரியரை வளத்தோடு சேர்க்கும் பாலம் இல்லை. எரிக்கை எரிக் ஆக்குவது அதன் கட்டுரைகள் மட்டுமல்ல. ஒவ்வொன்றுக்கும் எழுதப்பட்ட சுருக்கமும் பொருட்சொல்லுமே. தமிழில் அந்த வேலை மிகக் குறைவாகவே நடந்திருக்கிறது. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில், நாம் ‘டயட்’ என்று சொல்லும் இடங்களில், செயலாய்வுகள் நடக்கின்றன. அவற்றுள் பல அறிக்கையாகி அலமாரிக்குள் போய்விடுகின்றன. அடுத்த ஆசிரியர் அதே கேள்வியை முதலிலிருந்து தொடங்குகிறார்.

இதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. ஆய்வு முடித்த ஒவ்வொருவரும் பத்து வரியில் தமிழ்ச் சுருக்கமும், ஐந்து பொருட்சொற்களும், அவற்றுக்கு இணையான ஆங்கிலச் சொற்களும் எழுதி, எல்லாரும் தேடக்கூடிய ஒருங்குறி எழுத்தில் பொதுவெளியில் வைத்தால் போதும். பிள்ளைகளின் பெயரும் பள்ளிப் பதிவு எண்ணும் அதில் இடம்பெறக் கூடாது. விடை ‘வேறுபாடு இல்லை’ என்று வந்தாலும் வெளியிட வேண்டும்.

நம் கேள்விக்கு விடை எந்தத் தளத்திலும் ஆயத்தமாக இல்லை. ஆனால் சொல் எரிக்கிலிருந்தும், வினாநிரல் மாதிரி ஷோத்கங்காவிலிருந்தும், வாசிப்புக் கருவி ஏசரிலிருந்தும், கலைச்சொல் தமிழ் நூலகங்களிலிருந்தும் கிடைக்கின்றன. மீதி வேலை வகுப்பறையில் இருக்கிறது. அதைச் செய்து பார்க்காமல் “வீட்டில் கவனிக்க ஆள் இல்லை” என்று இனி எந்த ஆசிரியரும் சொல்ல வேண்டியதில்லை.