குழாய் எங்கே பதிக்கப்பட்டிருக்கிறது? - இப்சனின் நாடகத்தை முன்வைத்துச் சில கருத்துக்கள்

எமது சிறுகதைகள் பலவற்றில் முதற் பந்தியில் தொடங்கும் பிரச்சினை இறுதிப் பந்தியில் தீர்ந்துவிடுகிறது. தீருகின்ற விதந்தான் நெருடுகிறது. நல்லவர் ஒருவர் வந்து சேருவார். அல்லது பிழை செய்தவர் ஓர் இரவில் மனந்திருந்துவார். வாசகன் ஆறுதலோடு சஞ்சிகையை மூடிவைக்கிறான். கதை கிளப்பிய கேள்வியும் அத்துடன் மூடப்பட்டுவிடுகிறது என்பதே எனது அபிப்பிராயம். இதனை விளக்குவதற்கு நோர்வே நாடகாசிரியர் ஹென்றிக் இப்சன் 1882இல் எழுதிய 'மக்களின் பகைவன்' பெரிதும் உதவும்.

கதை எளிமையானது. ஒரு கரையோரச் சிறுநகரம் தனது நீராடல் நிலையத்தை நம்பி வாழத் தொடங்கியிருக்கிறது. நோய் தீர்க்க வருபவர்களே அங்கு நோயாளிகளாவதைக் கண்ட வைத்தியர் ஸ்டொக்மன், நீரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்கிறார். மேற்பகுதியிலுள்ள தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நீரில் கலந்திருக்கிறது. குழாய்களை உயரத்தில் பதிக்குமாறு அவர் முன்னரே சொல்லியிருந்தார். நிர்வாகம் தாழ்வான இடத்தில் பதித்தது. இப்போது அவற்றைத் தோண்டியெடுத்து மாற்ற வேண்டும். பெருந்தொகை செலவாகும், நிலையம் இரண்டு வருடங்கள் மூடப்படும்.

நகர முதல்வர் வைத்தியரின் சொந்தத் தமையன். அவர் வேறொரு வழி வைத்திருக்கிறார்: கையிலுள்ள பணத்துக்குள் அடங்கக்கூடிய சில்லறைத் திருத்தங்கள். செலவு தமது தலையில் விழும் என்று கேள்விப்பட்டதும், வைத்தியரைத் தூக்கிப்பிடித்த பத்திரிகை ஆசிரியரும் வீட்டுடைமையாளர் சங்கத் தலைவரும் முதல்வர் பக்கம் சாய்கின்றனர்.

இப்சனின் கூர்மை இங்கேதான் வெளிப்படுகிறது. சில்லறைத் திருத்தம் போதும் என்று நம்பவைப்பதற்கு, பெரிய குறை எதுவுமில்லை என்று முதலில் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்வதற்கு, குறையைக் கண்டவனின் வாயை அடைத்தாக வேண்டும். ஆகவே ஒட்டுவேலையை அரைத் தீர்வு என்று கருதுவது தவறு. முழுத் தீர்வுக்குப் போகும் பாதையை அடைப்பதே அது செய்யும் வேலை. நீரில் மட்டும் இருந்த நஞ்சு இப்போது பத்திரிகைக்கும், பொதுக்கூட்டத்துக்கும், இரு சகோதரர்களுக்கும் இடையே பரவுகிறது.

இது நோர்வேக்கு மட்டும் உரிய கதையல்ல. டென்மார்க்கின் கடனுதவியுடன் கட்டப்பட்ட ஒலுவில் துறைமுகம் 2013 செப்டெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. அந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது கடலின் வழமை. கடலுக்குள் நீட்டிய அலைதடுப்புகள் அந்த ஓட்டத்தை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது, துறைமுக வாயிலும் மணலால் அடைபட்டது. வடக்கே கரை அரித்து, தென்னங்காணிகள் கடலுக்குள் போயின. அரித்த இடத்தில் கருங்கல் போட்டார்கள். கல் விழுந்த இடம் ஓரளவு தப்பியது. மறிபட்ட மணலோ வரவில்லை. அரிப்பு கல் முடிந்த இடத்திலிருந்து நிந்தவூர்ப் பக்கமாக நகர்ந்தது. பின்வந்த ஆண்டுகளில், வாயிலைத் தோண்டித் தருமாறு மீனவரும், அரிப்புக்கு முதலில் வழிசொல்லுமாறு காணிக்காரரும் கேட்டு நின்றனர். ஒரே ஊரவர் எதிரெதிர்க் கட்சிகளாயினர். இப்சன் கண்ட அதே குழாய்தான் இது.

நாடகத்தில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. நான்காம் அங்கத்தின் கூட்டத்தில் வைத்தியர் குழாயை விட்டுவிட்டுப் பெரும்பான்மை மக்களின் மடமையைச் சாடத் தொடங்கிவிடுகிறார். வரி கட்டப்போகிறவர்களின் அச்சம் நியாயமானது. செலவை ஆலைச் சொந்தக்காரரிடம் கேட்கலாமே என்று அந்த மண்டபத்தில் ஒருவருமே எழுந்து சொல்லவில்லை. இத்தனைக்கும் அந்த ஆலைக்காரருள் ஒருவர் வைத்தியரின் மாமனார் முறையானவர். பிற்பாடு அவர் நீராடல் நிலையத்தின் பங்குகளையே வாங்கிவைத்து, மருமகனை மௌனமாக்கப் பார்க்கிறார். மக்களைத் திட்டுவதும் ஒருவகையில் இலகுவான வழிதான்.

இந்நாடகத்தை சத்யஜித் ரே 1989இல் 'கணசத்ரு' என்ற பெயரில் வங்காளத் திரைப்படமாக்கினார். நீராடல் நிலையம் கோயிலாயிற்று. கழிவு கலந்த நீர் தீர்த்தமாயிற்று. துளசி இலையிட்டால் நீர் தூய்மையாகிவிடும் என்ற வாதம் முதல்வரின் சில்லறைத் திருத்தத்துக்கு ரே கண்ட அருமையான இணை. ஆனால் முடிவில் அவர் இளகிவிடுகிறார். வெளியே இளைஞர்களின் ஆதரவுக் குரல் ஒலிக்க, தான் தனித்தவனல்லன் என்று வைத்தியர் மகிழ்கிறார். எமக்கும் மனம் நிறைகிறது. நிலத்துக்கடியில் குழாய் மட்டும் அப்படியே கிடக்கிறது. இப்சன் உடைந்த சன்னல்களுக்கு நடுவே, குடும்பத்தாரையும் ஒரேயொரு நண்பனையும் தவிர வேறெவருமற்று வைத்தியரை நிறுத்துகிறார். அந்த முடிவு எம்மைத் தூங்கவிடுவதில்லை.

இனி எமது கதைகளுக்கு வருகிறேன். கைக்கூலிக் கொடுமை பற்றி எம்மவர் எழுதியவை ஏராளம். அவற்றுள் பல, 'ஒரு சதமும் வேண்டாம்' என்று சொல்லும் ஓர் இளைஞனின் வருகையோடு முடிகின்றன. நல்ல பிள்ளைதான். ஆனால் கிழக்கிலே கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண்வீட்டில் குடியிருப்பதுதான் வழக்கம். ரொக்கத்தை மறுத்த அவன் குடிபுகும் வீட்டைக் கட்டியது யார்? அதற்காகப் பெண்ணின் உம்மா எத்தனை வருடம் அரபு நாட்டு அடுப்படியில் நின்றா? அவளுக்கு இளையவள்மார் இருவர் இருந்தால் அடுத்த வளவு எங்கே? கதை இவற்றைக் கேட்பதில்லை. கேட்காமலே ரொக்கத்தை ஒழித்துவிட்டோம் என்ற நிம்மதியைத் தருகிறது. அந்த நிம்மதியில் வீடு இன்னும் ஒரு மாடி உயருகிறது.

தீர்வு சொல்வது எழுத்தாளனின் கட்டாயக் கடமையல்ல. குழாய் எங்கே பதிக்கப்பட்டிருக்கிறது என்று காட்டிவிட்டு அவன் நிறுத்திக்கொள்ளலாம். தோண்டும் வேலை ஊருக்கு உரியது. காட்டாமலே மூடிவிடும் கதையோ, கரையில் கொட்டிய கருங்கல்லைப்போல, அரிப்பை அடுத்த ஊருக்கு அனுப்பிவைக்கிறது.