மார்கழிச் சந்தைக்கு நடந்து போங்கள்

குளிர் வந்தால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வதும், சாயங்காலம் ஆனதும் பஜ்ஜிக்கு வாணலி வைப்பதும் நமக்குப் பழகிப்போய்விட்டது. மதுரையில் விடிகாலை வெப்பநிலை 20 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கினாலே பெட்டிக்குள் இருந்த குல்லாய் வெளியே வந்துவிடும். ஆனால் வேர்த்து வழியாமல் நடக்க வாய்க்கும் மாதங்கள் மார்கழியும் தையும்தான். கிழங்கும் மொச்சையும் சந்தையில் குவிவதும் இப்போதுதான். இந்தப் பருவத்துச் சாப்பாடு கொஞ்சம் வேலை வாங்கும். நடந்து போய் வாங்கி, உட்கார்ந்து உரித்து, நிதானமாக மென்றால்தான் அதன் ருசி பிடிபடும்.

நடை

1999-ல் மதுரையில் தொடங்கி மற்ற ஊர்களுக்கும் பரவியது உழவர் சந்தை. பக்கத்தில் ஒன்று இருந்தால், பையை மடித்துக்கொண்டு கிளம்புங்கள். மெயின் ரோட்டை விட்டுத் தெருக்கள் வழியாகப் போனால் கோலங்களைப் பார்க்கலாம். சிக்குக் கோலம் கண்ணில் பட்டால் நின்று ஒரு இழையைக் கண்ணாலேயே பின்தொடருங்கள். புள்ளிகளைச் சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேருகிறதா என்று பாருங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் வயதானவர்களும் பனி விலகி வெயில் ஏறிய பிறகு போனால் போதும்.

சந்தை

மொச்சைக் காய் பச்சையாக, விதை புடைத்து இருக்க வேண்டும். துளை இருந்தால் உள்ளே புழு இருக்கும். நல்ல காயைக் கையில் அள்ளினால் விரலில் பிசுபிசுப்பும் வாசனையும் ஒட்டிக்கொள்ளும். பனங்கிழங்கு கட்டில் தடித்தும் கனத்தும் இருப்பதைப் பாருங்கள். வாடிச் சுருங்கியதில் நார்தான் மிஞ்சும். நெல்லிக்காய் கிடைத்தால் விடாதீர்கள். கடித்ததும் புளித்துத் துவர்க்கும். மேலே ஒரு வாய் தண்ணீர் குடித்தால் இனிக்கும். குளிரில் தாகம் தெரியாது என்பதால், தண்ணீர் குடிக்க இது நல்ல சாக்கு.

உரிப்பும் கடியும்

சிறுகிழங்கின் தோலை எடுக்கத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு வழி உண்டு: சாக்கில் போட்டு வாயைக் கட்டித் தரையில் நாலு அடி அடிப்பார்கள். கைக்கு நல்ல பயிற்சி. தோலும் முக்கால்வாசி கழன்றுவிடும். மொச்சையை உரித்து ஊறவைத்து ஒவ்வொன்றாகப் பிதுக்கினால் பிதுக்கம்பருப்பு. குழம்பில் வெண்ணெய் மாதிரி கரையும். வீட்டில் எல்லோரையும் உட்கார வையுங்கள். பேச்சோடு பேச்சாக வேலை முடிந்துவிடும்.

பனங்கிழங்கைத் தோல் உரித்து, மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் எடுங்கள். ஒடித்து, தொங்கும் நாரை இழுத்துவிட்டு, நடுவில் இருக்கும் குருத்தை நீக்கி மெல்லுங்கள். முதலில் மாவு, பிறகு மெல்லிய இனிப்பு, கடைசியில் ஒரு இழை கசப்பு. அவசரப்பட்டு விழுங்கினால் மாவோடு சரி.

வெண்பொங்கலை நடந்து வந்த பசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மிளகை ஒதுக்காமல் கடியுங்கள். நெய்யின் கனத்தைத் தாங்குவது அந்தக் காரம்தான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கிழங்கைச் சோற்றோடு சேர்க்காமல் சோற்றுக்குப் பதிலாக, அளவோடு சாப்பிடலாம்.

மாசி வெயில் ஏறினால் நடையும் கசந்துவிடும், கிழங்கிலும் நார் கூடிவிடும். நாளைக் காலையே பையை எடுங்கள்.