முன்பாக்கி: இரு காலக் கதைகளும் நம் வாசகர்களும்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "நயினார் சார், வழக்கம்போல சீவக சிந்தாமணியா?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். இந்த முறை நாவலைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. நான் கல்லூரி வாசலை மிதித்தவனல்லன். பாத்திர வியாபாரத்தில் ஆயுளைக் கழித்து, இரவில் கடைக் கணக்கை முடித்த பிறகு புத்தகத்தைத் திறந்து படித்தவன். ஆகவே பேராசிரியர்கள் எழுதுவது போன்ற திறனாய்வை எதிர்பார்க்க வேண்டாமென்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பதினைந்து பேர் கூடிப் படிப்பது நெடுநாள் வழக்கம். குளிர்காலமானால் புல்தரையில் பாய் விரித்து வெயில் காய்ந்துகொண்டே படிப்போம். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கப் போனவர்கள் பையோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அங்கே நான் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. ஒரே காலத்தில் நடக்கும் கதையென்றால், பிடித்தது, பிடிக்கவில்லை என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஒரு பக்கம் அந்தக் காலம், மறுபக்கம் இந்தக் காலம் என்று மாறி மாறிச் சொல்லும் கதையென்றால் சண்டையே வந்துவிடும். ஏன் அப்படி? அதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எடுத்துக்காட்டாகக் கல்கியின் 'சோலைமலை இளவரசி'யைப் பார்ப்போம். 1947-இல் வந்த சிறிய நாவல். 1942 ஆகஸ்ட் கிளர்ச்சியில் போலீசுக்குத் தப்பி ஓடிவரும் குமாரலிங்கம் என்ற இளைஞன் சோலைமலையின் இடிந்த கோட்டையில் ஒளிந்துகொள்கிறான். கிராமத்துப் பெண் பொன்னம்மாள் அவனுக்குச் சோறு கொண்டுவந்து கொடுக்கிறாள். அந்த இடிபாடுகளுக்கிடையே, நூறு ஆண்டுகளுக்கு முன் தான் மாறனேந்தல் உலகநாதத் தேவராக வெள்ளையருக்குத் தப்பி இதே சோலைமலைக்கு வந்ததும், இளவரசி மாணிக்கவல்லி அடைக்கலம் தந்ததும் அவனுக்குக் கனவு போல, நினைவு போலத் தோன்றுகின்றன. அந்தக் கதையின் முடிவே இந்தப் பிறவியிலும் தன்னைத் துரத்துமோ என்ற அச்சம் அவனைப் பிடித்துக்கொள்கிறது.

எங்கள் வட்டத்தில் இதை வாசித்தபோது ஓய்வுபெற்ற செக்‌ஷன் ஆபீசர் ஒருவர், "அரண்மனை வர்ற பக்கமெல்லாம் தள்ளிட்டுப் படிச்சேன். எனக்கு நாற்பத்திரண்டு போதும்" என்றார். இன்னொரு அம்மையார் நேர்மாறு. இளவரசி வரும் அத்தியாயங்களை மட்டும் இரண்டு தடவை படித்திருந்தார். மூன்றாமவர் ஓர் இளம் பெண். அவர் கேட்டதுதான் எனக்குச் சுருக்கென்றது. "வெயில்ல நடந்து சோறு கொண்டு வர்றது பொன்னம்மா. அவன் கனவுல வர்றது மட்டும் இளவரசியா? ஏன், பொன்னம்மாளையே பொன்னம்மாளாப் பிடிக்கக் கூடாதோ?"

கல்கியின் கோணத்தில் இருவரும் ஒருத்தியே. ஆனால் ஒரு பழைய பெருமையைப் போர்த்தினால்தான் இன்றைய எளிய பெண்ணுக்கு மதிப்பு வருகிறதென்றால், அங்கே பழங்காலம் நிகழ்காலத்தைத் துலக்கவில்லை. கலாய் பூசி மறைக்கிறது. இதை நான் ஐம்பது வருடமாகப் பார்க்கத் தவறியிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வெட்கமில்லை.

ஆக, வாசகர் எந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் படிக்கிறார் என்பதே இவ்வகை நாவலுக்கு நல்ல உரைகல். ஒரு காலத்தை விட்டுவிட்டும் மற்றக் காலத்தின் கதை குறைவின்றிப் புரிந்தால், அது ஒரே அட்டைக்குள் தைக்கப்பட்ட இரண்டு புத்தகம். எங்கள் கடைக் கணக்கில் புதுப் பேரேடு திறக்கும்போது முதல் வரியில் முன்பாக்கியை எழுதுவோம். அந்த வரி இல்லாவிட்டால் கீழே எவ்வளவு சரியாகக் கூட்டினாலும் கணக்கு நிற்காது. பழைய ஏட்டுக்கும் புது ஏட்டுக்கும் உறவு அந்த ஒரு வரியில் இருக்கிறது. இரு காலக் கதையிலும் அப்படியொரு முன்பாக்கி இருக்க வேண்டும்.

இவ்வுத்தி மேல்நாட்டிலிருந்து வந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஏ.எஸ். பையட் 1990-இல் எழுதிய 'பொசஷன்' இதற்குப் பேர்போனது; விக்டோரியா காலக் கவிஞர்கள் இருவரின் காதலை இக்கால ஆராய்ச்சியாளர்கள் இருவர் துப்பறிவார்கள். புக்கர் பரிசும் பெற்றது. ஆனால் நம் காப்பியங்களில் இது பழம்பொருள். மணிமேகலைக்கு மணிபல்லவத்தில் பழம்பிறப்பு உணர்த்தப்படுகிறது. சீவகன் முற்பிறவியில் அன்னப் பார்ப்பைத் தாயிடமிருந்து பிரித்ததனால்தான் இப்பிறவியில் பெற்றோரைப் பிரிந்தான் என்று சிந்தாமணியின் முத்தி இலம்பகம் சொல்கிறது. அச்சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், கும்பகோணத்துச் சைனர் இல்லங்களுக்குச் சென்று ஐயம் கேட்டுத் தெளிந்தார் என்பதில் எங்களவர்க்கு இன்றும் பெருமை உண்டு.

யசோதர காவியம் இவற்றுள் மிகக் கச்சிதமானது. மாரிதத்தன் என்ற அரசன் சண்டமாரிக்குப் பலியிட, அபயருசி, அபயமதி என்ற இளம் அண்ணன் தங்கையைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். வாள் ஓங்கியிருக்கிறது. பிள்ளைகள் அஞ்சவில்லை. அரசன் வியந்து காரணம் கேட்க, அபயருசி தன் பழம்பிறப்புகளைச் சொல்லத் தொடங்குகிறான். முன்பு யசோதரனாக இருந்தபோது தாயின் சொல் கேட்டு மாவினால் செய்த கோழியைப் பலியிட்டதையும், அந்த ஒன்றுக்காகத் தாயும் மகனும் மயிலும் நாயுமாய், பாம்பாய், ஆடாய், கோழியாய்ப் பிறந்து உழன்றதையும் சொல்கிறான். மாவுக் கோழிக்கே இவ்வளவு என்றால் உயிர்ப்பலிக்கு எவ்வளவு? அரசன் கை தாழ்கிறது. இங்கே பழங்கதையை ஒரு செய்யுள்கூடத் தள்ளிவிட்டுப் படிக்க முடியாது. தள்ளினால் வாள் இறங்கிவிடும். முன்பாக்கி என்று நான் சொன்னது இதைத்தான்.

இனி, என் மனத்தை உறுத்திய விஷயத்துக்கு வருகிறேன். சிலப்பதிகாரத்தில் கட்டுரை காதை. மதுரை எரிந்த பிறகு மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு முன்வந்து, கோவலன் முற்பிறவியில் சிங்கபுரத்துப் பரதனாக இருந்து சங்கமன் என்ற வணிகனை ஒற்றனென்று காட்டிக்கொடுத்துக் கொல்லச் செய்ததையும், அவன் மனைவி நீலி இட்ட சாபத்தையும் சொல்கிறது. நான் சமணன். வினைக்கொள்கையில் ஊறியவன். இந்த இடம் வந்தாலே "பாருங்கள், கணக்கு எப்படி நேராகிறது!" என்று பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே இளம் பெண் கேட்டார். "சார், கோவலனுக்குக் கணக்குச் சரியாப் போச்சு. கண்ணகி எந்தப் பிறவியில யாரைக் காட்டிக் கொடுத்தா?"

எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய் உரைகளைப் புரட்டினேன். கண்ணகிக்கும் ஏதாவது பழவினை கற்பித்துச் சமாதானம் சொல்லிவிடலாம். ஆனால் மதுராபதி அந்த இடத்தில் சொல்லும் கதை கோவலனுடையது. கண்ணகியின் மனம் அதனால் ஆறியதாகவும் காணோம். கொற்றவை கோயில் வாயிலில் வளையலைத் தகர்த்துவிட்டு, மேற்கு வாசல் வழியே தனியாகப் போகிறாள்.

பல நாள் யோசித்த பிறகு எனக்குப் பட்டது இது: சொல்லும் வரிசையில் ஆசிரியரின் தீர்ப்பு இருக்கிறது. சங்கமன் கதையைப் புகார்க் காண்டத்திலேயே இளங்கோ சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கோவலன் வெட்டுண்டபோது 'பட்ட கடன் தீர்ந்தது' என்று நாம் தலையாட்டியிருப்போம். அழுதிருக்க மாட்டோம். எல்லாம் எரிந்து முடிந்த பிறகு அவர் அதைச் சொல்கிறார். நாம் அழுத அழுகையை எந்த விளக்கமும் திருப்பி வாங்க முடியாதபடி வைத்திருக்கிறார். வினையும் உண்மை, கண்ணகியின் துயரமும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதைக் கழித்துவிட அவர் இடம் கொடுக்கவில்லை. நான்தான் அவசரமாகக் கழித்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பாடத்தோடு புது நாவல்களுக்குத் திரும்பினால் பல விஷயம் தெளிவாகிறது. குர்ரத்துலைன் ஹைதர் 1959-இல் உருதுவில் எழுதிய 'ஆக் கா தரியா', தமிழில் 'அக்னி நதி'யாக வந்திருக்கிறது. மௌரியர் காலம் தொடங்கித் தேசப் பிரிவினை வரை போகிற கதை. கௌதமன், சம்பா, கமால் என்ற பெயர்கள் வெவ்வேறு காலங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. மறுபிறவி என்று ஆசிரியர் சத்தியம் செய்வதில்லை. எங்கள் வட்டத்தில் பாதிப்பேர் "இது அதே ஆளா, வேற ஆளா?" என்று குழம்பினார்கள். பிரிவினையில் குடும்பத்தோடு வந்த பஞ்சாபி அண்டை வீட்டார் இருக்கிற டில்லியில், அந்தக் குழப்பத்துக்கே ஓர் அர்த்தம் உண்டு. இரண்டாயிரம் வருடம் சேர்ந்து வாழ்ந்த பெயர்கள் 1947-இல் இரண்டு நாடாகப் பிரிகிறபோது, வாசகர் தாமே முன்பாக்கியை எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997) வேறு மாதிரி. ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்று மூன்று பகுதி. இரண்டாம் பகுதி முதற்பகுதிக்கும் முந்திய காலத்துக்குப் போகிறது. முதலில் ஐதீகமாகக் கேட்டதை அடுத்து மனிதர்களின் வாதமாகவும் தோல்வியாகவும் பார்க்கிறோம். மூன்றாவதில் அழிவு. எங்களில் ஒருவர் தாளில் வம்சாவளி போட்டுக்கொண்டு படித்தார்; இருவர் நூறு பக்கத்தோடு மூடிவைத்துவிட்டார்கள். "முன்னாடி நடந்ததை முன்னாடியே சொன்னா என்னவாம்?" என்பது அவர்கள் புகார். அப்படிச் சொல்லியிருந்தால், தெய்வமாக்கப்பட்டவர் ஒரு காலத்தில் மனிதராக நின்று தடுமாறினார் என்ற அதிர்ச்சி நமக்குக் கிடைத்திராது. வரிசை மாறியதால் கிடைத்த லாபம் இது. அதற்கு வாசகர் தருகிற விலை அதிகம் என்பதையும் மறுக்க மாட்டேன்.

அவருடைய 'பின் தொடரும் நிழலின் குரல்' (1999) எனக்கு இன்னும் நெருக்கம். தொழிற்சங்கத் தலைவன் அருணாசலத்தின் கைக்கு, முன்பு கட்சியால் ஒதுக்கப்பட்ட வீரபத்ர பிள்ளையின் எழுத்துகள் வந்து சேர்கின்றன. அதற்குள் ரஷ்யாவின் புகாரின், 1938-இல் கொல்லப்பட்டவர், வருகிறார். படித்துவிட்டு அருணாசலம் பழையபடி இருக்க முடியாது. கொள்கையை எதிர்ப்போரும் ஏற்போரும் எங்களிடையே உண்டு. ஆனால் ஒருவரும் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் படிக்கவில்லை. யசோதர காவியத்தின் வாள் அங்கேயும் ஓங்கியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியது. பழங்காலத்தைச் சொல்லும்போது நம் எழுத்தாளர்களின் தமிழும் கனத்துவிடுகிறது. இங்கே பிறந்து, பள்ளியில் தமிழை ஒரு பாடமாக மட்டும் படித்த பிள்ளைக்கு இக்காலப் பக்கங்கள் புரிகின்றன. அரசரும் அமைச்சரும் பேசத் தொடங்கினால் நின்றுவிடுகிறது. எழுபது வயதுத் தாத்தாவுக்கோ இக்காலப் பக்கங்களில் ருசியில்லை. ஒரே புத்தகத்தை ஆளுக்குப் பாதியாகப் படித்துவிட்டு மூடிவைக்கும் வீடுகளை நான் பார்க்கிறேன். இதில் பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? முன்பாக்கியை எழுதிக் கொடுக்க வேண்டியது பழைய ஏட்டை வைத்திருப்பவர் பொறுப்பல்லவா?

எங்கள் வட்டத்தில் இப்போது ஒரு வழி செய்திருக்கிறோம். பழைய காலத்துப் பக்கங்களைப் பெரியவர் உரக்க வாசிக்க வேண்டும். இக்காலப் பக்கங்களைப் பிள்ளை வாசிக்க வேண்டும். புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. 'சோலைமலை இளவரசி'யை இப்படித்தான் மறுபடி படித்தோம். அளவில் சிறியது, தொடங்க நல்லது. கோடை விடுமுறையில் உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள். பொன்னம்மாளைப் பற்றி அந்தப் பெண் கேட்ட கேள்வியை உங்கள் வீட்டுப் பெண்ணும் கேட்கக்கூடும். கேட்டால், என்னைப்போல் அவசரப்பட்டுக் கணக்கை முடித்துவிடாதீர்கள்.

குற்றம் குறை இருப்பின் அறிஞர் பெருமக்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.